லிம்போமா தலைக்கும் தண்டுவடத்துக்கும் பரவினால்: வட சென்னைக் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். புது வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். என் தம்பி காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போனவன். அவனுக்கு விரையில் வந்த லிம்போமா, சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆவதற்குள் தலைக்குப் பரவியது. அதன்பிறகு இதே நோய் உள்ள குடும்பங்கள் என்னைத் தேடி வரத் தொடங்கின. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளியைக் கையால் தொட்டுப் பார்த்த மருத்துவரின் சொல்லே இறுதியானது. அவரிடம் எதைக் கேட்பது, எப்போது ஓடுவது என்பதற்கு இது உதவும்.

அப்பாவுக்குக் கழுத்தில்தான் நெறி கட்டியது. அது எப்படி மூளைக்குப் போனது?

நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணு. லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் அங்கே தங்கிக் கிருமிகளோடு போராடுகின்றன. அந்த அணுக்களே கட்டுப்பாடு இழந்து பெருகினால் அதுதான் லிம்போமா. லிம்போசைட் ஓரிடத்தில் நிற்காத அணு. இரத்தத்தில் ஏறி உடல் முழுவதும் சுற்றி வருவது அதன் இயல்பு. புற்றான பிறகும் அந்த இயல்பு போவதில்லை.

மூளைக்குள் அது கட்டியாக வளரலாம். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகளில் படலமாகப் படரலாம். கண்ணுக்குள் போகலாம். முதுகெலும்புக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே வளர்ந்து தண்டுவடத்தை நெரிக்கலாம். எங்கே உட்கார்கிறதோ அதற்கேற்ப அறிகுறி மாறும். ஒருவருக்குக் கண்ணும் இன்னொருவருக்குக் காலும் பாதிக்கப்படுவதற்குக் காரணம் அதுதான்.

உடலில் வேறெங்கும் இல்லாமல் மூளையிலேயே தொடங்கும் லிம்போமாவும் உண்டு. சிகிச்சை பல இடங்களில் ஒத்துப்போகும். ஆனால் நான் இங்கே பேசுவது பெரும்பாலும் பரவி வந்ததைப் பற்றி.

லிம்போமா வந்த எல்லோருக்கும் தலைக்குப் போகுமா?

இல்லை. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்' என்னும் வகை. அதில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் இப்படி ஆகிறது. ஹாட்ஜ்கின் வகையில் மிக அரிது. பர்கிட், லிம்போபிளாஸ்டிக் ஆகிய வகைகளில் ஆபத்து மிகுதி என்பதால், நோய் தலைக்குப் போகாமல் தடுக்கும் மருந்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு நோயாளிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்க மருத்துவர்கள் ஆறு கேள்விகளை வைத்திருக்கிறார்கள். வயது 60-ஐத் தாண்டியதா? இரத்தத்தில் எல்.டி.எச். என்னும் நொதி கூடியிருக்கிறதா? நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையா? நோயாளி எந்த வேலையும் செய்ய முடியாத அளவுக்குத் தளர்ந்திருக்கிறாரா? கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பில் நோய் இருக்கிறதா? சிறுநீரகத்திலோ அதன் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ இருக்கிறதா? நான்கோ அதற்கு மேலோ 'ஆம்' என்றால், இரண்டு ஆண்டுக்குள் பரவும் வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு. ஒன்றோ ஒன்றும் இல்லாமலோ இருந்தால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. விரையில் வரும் லிம்போமாவை இந்தக் கணக்குக்கு வெளியே, தனியாகவே ஆபத்து மிக்கதாகப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த இடத்தில் வலியில்லாத கட்டி தென்பட்டால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். என் தம்பி எட்டு மாதம் மறைத்தான்.

எதைப் பார்த்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். இந்த நோயை முதலில் பார்ப்பது ஸ்கேன் இயந்திரம் அல்ல, வீட்டில் கூடவே இருப்பவர்கள்தான்.

தம்பிக்கு முதலில் வந்தது கீழ்த்தாடையில் ஒரு மரமரப்பு. சவரம் செய்யும்போது மோவாயின் ஒரு பக்கத்தில் பிளேடு படுவதே தெரியவில்லை என்றான். பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்தோம். ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். தனக்கு லிம்போமா இருந்ததைத் தம்பி அவரிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் அவனிடம் சொல்லவில்லை. அத்தனை ஆண்டு வார்டில் நின்ற எனக்கே அது தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்து வாய் ஒருபக்கம் கோணியபோதுதான் எனக்கு உறைத்தது. புற்றுநோய் வந்த ஒருவருக்குப் பல்வலி இல்லாமல் மோவாய் மட்டும் மரத்துப்போனால் அது நரம்பைப் பற்றிய செய்தி என்று பாடத்திலேயே படித்திருந்தேன்.

இன்னும் சொல்கிறேன். ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது. கண் இமை தொங்குவது. காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும். கண்முன் பூச்சி பறப்பதுபோல் தெரிவது, பார்வை மங்குவது. பேச்சு குழறுவது. நடக்கும்போது தள்ளாடுவது. புதிதாக வலிப்பு. நடத்தையில் மாற்றம்: நன்றாகக் கணக்குப் பார்த்தவர் சில்லறை எண்ணத் தடுமாறுவது, கலகலப்பானவர் நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது.

முதுகுவலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். படுத்தால் கூடும் வலி, இருமினால் சுண்டி இழுக்கும் வலி, மார்பைச் சுற்றி வார் கட்டியதுபோல் இறுக்கும் வலி, இவை மூட்டை தூக்கியதால் வந்த வலி அல்ல. எண்ணெய் தேய்த்து நீவிவிடவோ எலும்பு வைத்தியரிடமோ போகவே கூடாது. முதுகெலும்பு ஏற்கெனவே அரிக்கப்பட்டிருந்தால், அழுத்தி நீவுவதிலேயே அது நொறுங்கிவிடலாம்.

எந்த மருத்துவரிடம் போனாலும், பல்லுக்கோ கண்ணுக்கோ காய்ச்சலுக்கோ, முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "இவருக்கு லிம்போமா இருந்தது."

இரவில் கால் மரத்துவிட்டது, சிறுநீர் வரவில்லை. விடியட்டும் என்று பொறுக்கலாமா?

கூடாது. தண்டுவடம் நெரிபடுகிறது என்பதன் அடையாளம் அது. சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுவதும் விழுந்த பிறகு வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மணிக்கணக்குதான் முக்கியம். உடனே 108-ஐ அழையுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடப்பதும் நமக்குத் தெரிந்ததுதான். அதனால் எந்த வழியாகப் போவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள். மணலிக்கும் எண்ணூருக்கும் உள்ளே இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அவர் தானாகப் பேசுகிறார், சொந்த மகளையே யார் என்று கேட்கிறார். காற்று கருப்பு பட்டிருக்கும் என்கிறாரே மாமியார்?

மாமியாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். பயத்தில் எவரும் தெரிந்த வாசலைத்தான் தட்டுவார்கள். கோயிலில் விபூதி வாங்கிப் பூசுங்கள், தர்காவில் ஓதிவிட்டு வாருங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே நாளில் மருத்துவமனைக்கும் போய்விடுங்கள். மூளையின் முன்பகுதியில் நோய் இருந்தால் குணம் மாறும். சோடியம் குறைந்தாலும், தொற்று ஏற்பட்டாலும், சில மருந்துகளாலும்கூட இப்படி ஆகும். அவற்றில் பல சில நாளில் சரியாகக்கூடியவை.

வீட்டில் வலிப்பு வந்தால்?

கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுக்காதீர்கள். வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ பெரிய ஆபத்து. முதல் முறை என்றால் அது நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்கிறார்களே?

வார்டில் நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி இதுதான். இந்த அச்சத்தால் கையெழுத்துப் போட மறுத்துப் பல நாள்களை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பு முதுகெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு இடையிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி நுனி பட்டால் அவை விலகிக்கொள்ளும். சில நேரம் காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு கணம் சுண்டும், அவ்வளவுதான்.

நீர் தீர்ந்துபோகாதா என்றும் கேட்பார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் நீர் மொத்தம் 150 மில்லி அளவு. உடல் ஒரு நாளில் ஏறத்தாழ 500 மில்லி சுரக்கிறது. சோதனைக்கு எடுத்த 10 மில்லி அரை மணி நேரத்தில் மீண்டும் ஊறிவிடும். மறுநாள் உட்கார்ந்தால் தலை வலிக்கலாம், படுத்தால் குறையும். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சில நாளில் போய்விடும்.

உண்மையான ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கசியலாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்பே சொல்ல வேண்டும். தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்த பிறகே நீர் எடுக்க வேண்டும்.

ஒருமுறை எடுத்த நீரில் புற்றணு இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவாகிவிடாது. மிகச் சில அணுக்களே மிதக்கும், வெளியே எடுத்த பின் விரைவில் சிதைந்தும் போகும். இரண்டாம் முறை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் கோபப்படாதீர்கள். நுண்ணோக்கிப் பார்வையோடு ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் சோதனையும் செய்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும்.

தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. முதுகுக்கும் எதற்கு?

ஓரிடத்தில் இருந்தால் நீர் வழியாக இன்னோரிடத்துக்கும் போயிருக்கலாம். நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யே இதற்கு ஏற்றது. கண்ணையும் விளக்கு வைத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

முதலில் காசநோய் என்றார்கள், இப்போது லிம்போமா என்கிறார்கள். யாரை நம்புவது?

நம் பக்கத்தில் காசநோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கழுத்தில் நெறி கட்டினாலும், மூளையில் கட்டி தெரிந்தாலும், மூளை உறையில் அழற்சி என்றாலும் மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது இயல்பே. ஸ்கேன் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். எனவே முதல் கணிப்பு மாறியதற்காக எவரையும் பழிக்க மாட்டேன். சதை எடுத்துச் சோதிக்காமலே மாதக்கணக்கில் மாத்திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கேள்வி கேட்க வேண்டும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை லிம்போமாவுக்குப் பெரும்பாலும் போதாது. கழுத்து நெறி என்றால் ஒரு கணுவை முழுதாக எடுத்துப் பார்ப்பதே நல்லது.

ஸ்டீராய்டு பற்றி ஒன்று. டெக்சாமெத்தசோன் போட்டால் லிம்போமா கட்டி சில நாளில் கரைந்து மறைந்ததுபோல் ஆகிவிடும். நோயாளி எழுந்து உட்காருவார், வீடே மகிழும். சில வாரங்களில் அது திரும்பி வரும். இடைப்பட்ட காலத்தில் சதை எடுத்தால் ஒன்றும் அகப்படாது, நோயின் பெயரே தெரியாமல் போய்விடும். ஆகவே நோய் இன்னதென்று உறுதியாகாதபோது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால், ஸ்டீராய்டுக்கு முன் பயாப்ஸி என்னும் சதைச் சோதனை முடியட்டும். கடைக்காரர் தரும் மாத்திரையிலும் ஸ்டீராய்டு இருக்கலாம் என்பதால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். ஏற்கெனவே லிம்போமா என்று உறுதியானவருக்குத் தண்டுவடம் நெரிபட்டால் கதை வேறு. அப்போது அந்த ஸ்டீராய்டுதான் காலைக் காக்கும்.

ஆறு கீமோ முடித்தோமே. பிறகும் ஏன் தலைக்குப் போனது?

இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் இருக்கிறது. இரத்தக் குழாயின் உட்புற அணுக்கள் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு, கண்ட பொருளெல்லாம் மூளைக்குள் போகாமல் தடுக்கின்றன. லிம்போமாவுக்குத் தரும் ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்து பெரிய மூலக்கூறு, அதனுடன் தரும் வழக்கமான மருந்துகளும் அந்தக் காவலை அவ்வளவாகத் தாண்டுவதில்லை. முன்பே உள்ளே ஒளிந்துகொண்ட அணுவுக்கு மருந்து எட்டவில்லை. நீங்கள் சாப்பாட்டிலோ கவனிப்பிலோ தவறு செய்ததால் அல்ல.

இப்போது காவலைத் தாண்டும் மருந்துகள் வேண்டும். முதன்மையானது மெத்தோட்ரெக்சேட், மிக உயர்ந்த அளவில். அதோடு சைட்டாரபின், தியோடெப்பா முதலியவை. உடல் தாங்கும் என்றால், இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை நோயாளியிடமிருந்தே எடுத்து வைத்து, கடும் மருந்து கொடுத்து, மீண்டும் அதையே ஏற்றும் மாற்றுச் சிகிச்சை. சிலருக்குக் கதிர்வீச்சு. மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தால், அதுவும் 60 வயதுக்கு மேல், பின்னாளில் மறதியும் நடைத் தடுமாற்றமும் வரலாம். அதனால் பல மருத்துவர்கள் அதைத் தள்ளிவைத்தே பார்க்கிறார்கள்.

மெத்தோட்ரெக்சேட் போடும் நாளில் கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

சிறுநீரை அளந்து எழுத வேண்டும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரில் அமிலம் கூடினால் அது பொடியாகப் படிந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதற்காகத்தான் இரவும் பகலும் குளுக்கோஸ் பாட்டிலும் சோடா உப்பு மருந்தும் ஏற்றுகிறார்கள். சிறுநீரின் காரத்தன்மையை ஒவ்வொரு முறையும் சோதிக்கிறார்கள். இரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, லூக்கோவோரின் என்னும் முறிவு மருந்தை மணி தவறாமல் கொடுக்கிறார்கள். அந்த ஊசி தாமதமானால் தயங்காமல் செவிலியரைப் போய்க் கேளுங்கள். உங்கள் நினைவூட்டலுக்கு நாங்கள் எப்போதும் நன்றியுடன்தான் இருப்போம்.

அந்த நாள்களில் வலி மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் மருந்து வெளியேறுவதைத் தடுக்கும். வீட்டிலிருந்து மாத்திரையோ கஷாயமோ கொண்டுவந்து கொடுக்காதீர்கள். கோலா குளிர்பானமும் வேண்டாம். வாய்ப்புண், சிறுநீர் குறைவது, கால் வீங்குவது ஆகியவற்றை உடனே சொல்லுங்கள்.

முதுகுத் தண்டு நீரிலேயே கீமோ போடுவார்களாமே?

ஆம். நீர் எடுக்கும் அதே ஊசி வழியாக மெத்தோட்ரெக்சேட்டோ சைட்டாரபினோ சிறு அளவில் செலுத்துவார்கள். வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இரத்தக் குழாயில் மட்டுமே போகவேண்டியது. தவறி முதுகில் போட்டால் உயிரையே பறிக்கும். அதனால் இரண்டையும் ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் கொண்டுவரக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள விதி. ஊசிக்கு முன் மருந்தின் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

செலவுக்கு எங்கே போவது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். நோயாளியைச் சேர்த்த அன்றே அந்த வேலையை வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், ரயில்வேக் குடும்பங்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையும் இருக்கின்றன. அவசரத்துக்கு நமக்கு அருகில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தொடர் சிகிச்சைக்குப் பலரும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறார்கள். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ நேராக, பொது மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் சென்ட்ரலில் நிற்கிறது. லிஃப்ட் இருப்பதால் சக்கர நாற்காலியோடு போகலாம்.

பிழைப்பாரா? மறைக்காமல் சொல்லுங்கள்.

கடினமான நோய். முன்பெல்லாம் தலைக்குப் போய்விட்டால் சில மாதங்கள்தான் என்று சொல்வோம். இப்போது அப்படி ஒரே வாக்கியத்தில் முடிக்க முடியாது. 2021-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 75 நோயாளிகளுக்குக் கடும் மருந்துகளும், தாங்கக்கூடியவர்களுக்கு ஸ்டெம் செல் மாற்றும் அளித்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நோய் வளராமல் உயிரோடு இருந்தார்கள். மாற்றுச் சிகிச்சை வரை போக முடிந்தவர்களின் நிலை அதைவிட நன்றாக இருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் 70 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் தம்பி பதினான்கு மாதம் இருந்தான். அதில் ஒன்பது மாதம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான், பேசினான், மகளின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைப் பார்த்தான். நோய் மூன்றாம் முறை வந்தபோது இனிக் கீமோ வேண்டாம் என்று அவனே சொன்னான். வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். மார்ஃபின் என்றால் எல்லாம் முடிந்தது என்று பயந்து அதைத் தள்ளிப்போடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வலியில் துடித்துக்கொண்டு இருப்பதால் ஒரு நாள்கூட ஆயுள் கூடுவதில்லை.

அவரிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா?

பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். கையெழுத்தும் கணக்கும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே கேட்பது நல்லது. இந்த நோயில் அந்தத் தெளிவு எப்போது மங்கும் என்று சொல்ல முடியாது.

நோய் அடங்கிவிட்டது என்கிறார்கள். மறுபடியும் படகில் போகலாமா?

காசிமேட்டில் இதைக் கேட்காத வீடில்லை. கேட்பவர் நோயாளியே. வலிப்பு ஒருமுறையாவது வந்தவர் மருத்துவர் அனுமதிக்கும்வரை கடலில் இறங்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. வெள்ளணு குறைந்திருக்கும் மாதங்களில் மீன் முள் குத்திய சிறு காயமும் சீழ் பிடித்து உடலெங்கும் பரவலாம். தட்டணு குறைந்திருந்தால் இரத்தம் நிற்காது. 100 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சல் அடித்தால் கரைக்கு வர இரண்டு நாள் ஆகும் இடத்தில் அவர் இருக்கவே கூடாது. கரையில் வேலை உண்டு. தம்பி விடியற்காலை ஏலக் கூடத்தில் உட்கார்ந்து கூட்டாளிகளுக்குக் கணக்கு எழுதினான், மத்தியானம் நிழலில் வலை சரிசெய்தான். விரல்கள் தளரத் தொடங்கினால் எங்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும், வந்து சொல்வான்.